கேட்காமல் எடுக்கலாமா?

மருத்துவமனையில் இறந்த ஒருவரின் உடலைக் கேட்டு 48 மணி நேரத்துக்குள் உறவினர் யாரும் வராவிட்டால், உறுப்புகளை எடுக்க அந்த மருத்துவமனையின் பொறுப்பாளரே அனுமதி தரலாம். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு இது. உறவினர் வரக்கூடும் எனத் தோன்றினால் அனுமதி தரக்கூடாது என்ற காப்பும் அதிலேயே உண்டு. இரண்டு நாள் கிடந்த உடலின் இதயமும் சிறுநீரகமும் யாருக்கும் பயன்படாது என்பதால் நடைமுறையில் இந்தப் பிரிவுக்கு வேலை குறைவு. ஆனாலும், யாருடைய சம்மதத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ள நம் சட்டம் துணிந்தது என்பதை அது காட்டிவிடுகிறது: கேட்க நாதியில்லாதவருடைய சம்மதத்தை.

மறுப்பு எழுதித் தராத எல்லோரையும் கொடையாளிகளாகக் கொள்ளலாம் என்ற யோசனையை மும்பையின் தாராவியில் நின்று பார்க்க வேண்டும். குடும்பத்தைத் திருநெல்வேலிப் பக்கம் விட்டுவிட்டு இங்கே தனியாகப் பிழைப்பவர், தண்டவாளத்தில் அடிபட்டால் சயான் மருத்துவமனைக்குத்தான் போவார். ஊரிலிருந்து ரயிலேறி மனைவி வந்துசேர ஒரு நாளுக்கு மேல் ஆகும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள படித்த குடும்பங்கள் விருப்பமில்லையென்றால் மறுப்பைப் பதிந்துவிடும். பதிவு இருப்பதே தெரியாதவரின் மௌனம்தான் சம்மதமாகிவிடும்.

எதிர்த்தரப்பின் நியாயம் சிறியதல்ல. 2023-இல் இந்தியாவில் 18,000-க்கு மேற்பட்ட உறுப்பு மாற்றுகள் நடந்தன. இறந்தபின் கொடுத்தவர்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டினார்கள். மாற்றப்பட்ட உறுப்புகளில் பெரும்பாலானவை உயிரோடு இருப்பவர்களின் உடலிலிருந்து வந்தவை. அப்படிக் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்: மனைவி, அம்மா, அக்கா. வீட்டுக்குள் அவர்களிடம் எந்த அளவுக்குச் சுதந்திரமான சம்மதம் பெறப்படுகிறது? இறந்தவரிடமிருந்து எடுக்கத் தயங்குவதன் பாரத்தை அவர்கள் சுமக்கிறார்கள். இதை மறைத்துவிட்டு அறம் பேச முடியாது.

ஆனால் மறுக்காததையே சம்மதமாகக் கொள்ளும் சட்டம் அந்தப் பாரத்தை இறக்கிவிடுமா? ஸ்பெயின் 1979-லேயே அதை இயற்றியது. எனினும் அங்கே இன்றும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. 1989-க்குப் பின் அங்கே உறுப்பு தானத்தில் வந்த வளர்ச்சிக்குக் காரணம் மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தியதே என்பார்கள், அதை நடத்தியவர்கள். பிரேசில் 1997-இல் இயற்றியபோது, தங்களை அரைகுறை உயிரோடு அறுத்துவிடுவார்களோ என்று ஏழைகள் அஞ்சினார்கள். தானம் செய்யமாட்டேன் என்று அடையாள ஆவணத்தில் பதிய மக்கள் திரண்டார்கள். மறு ஆண்டே அந்த விதி கைவிடப்பட்டது.

அந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். 2016-இல் மும்பை பவாயில் ஒரு தனியார் மருத்துவமனையில், வேறொரு பெண்ணை மனைவியென்று காட்டிச் சிறுநீரகம் மாற்ற முயன்றதாக வழக்குப் பதிவானது. உறுப்பு மாற்றுக்கும் அதன்பின் ஆயுள் முழுக்க வேண்டிய மருந்துக்கும் லட்சக்கணக்கில் செலவாகும். கொடுக்கும் வரிசையில் தாராவியைச் சேர்த்து, பெறும் வரிசையில் பணத்தால் தள்ளிவைக்கும் ஏற்பாட்டுக்குத் தாராவியின் மௌனத்தை ஆதாரமாகக் காட்டக் கூடாது.

அதற்காகக் கேட்காமலே இருந்துவிடுவதும் குற்றம்தான். 2008-இல் விபத்தில் மூளைச்சாவடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி. தமிழ்நாட்டில் உடலுறுப்பு தானத்தை வீட்டுப்பேச்சாக்கியது அவர்களுடைய முடிவு. மருத்துவர்களானதால் மூளைச்சாவு என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கு விளக்கத்தான் வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. மகன் இறந்துவிட்டான் என்றால் எந்தத் தாய் நம்புவாள்? நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் அதை அறிவிக்கிறார்கள் என்பதை அவளுடைய மொழியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். குடும்பத்திடம் கேட்கும் கடமையை 1994 சட்டத்தின் 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் ஏற்கெனவே தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்மேல் வைத்திருக்கிறது. புதிய சட்டத்துக்கு முன், அந்தக் கடமையைத் தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் நிறைவேற்றக்கூடிய ஒருங்கிணைப்பாளர்களுக்கு மும்பை மாநகராட்சி சம்பளம் ஒதுக்கட்டும். கேட்டபின் குடும்பம் மாட்டேன் என்றால், காரணம் கேட்காமல் உடலை ஒப்படைக்க வேண்டும். அதனால் சில உயிர்கள் காப்பாற்றப்படாமல் போகும் என்பதும் தெரிந்தேதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.