தொட்டு நாமமும் தொற்று நோயும்



தொட்டு நாமம் சாத்துவது அய்யா வழியின் அடையாளம். எட்டி நில் என்று விரட்டப்பட்ட மக்களின் நெற்றியைத் தொட்டு நாமம் சாத்த வைத்தவர் அய்யா வைகுண்டர். சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தவரும் அவரே. இப்படித் தொடுதலில் பிறந்த வழியில் நிற்பவர்களிடம், 2020-ல் கொரோனா வந்தபோது விலகி நில்லுங்கள் என்று சொல்லப்பட்டது. நோய்க்கு அஞ்சி விலகுவதும் தீண்டாமைதானா என்ற கேள்வி அன்பர்கள் மனதில் எழுவது நியாயமே.

இரண்டும் ஒன்றல்ல. தீண்டாமை பிறப்பைப் பார்த்தது. அதற்கு முடிவு நாள் கிடையாது. மேலே இருப்பவனை விட்டுவிட்டுக் கீழே இருப்பவனை மட்டும் ஒதுக்கியது. நோய்க்காக விலகுவது அப்படி இருக்கக் கூடாது. அதற்கு மூன்று உரைகல் உண்டு. முதலாவது, பண்ணையாரின் இருமலுக்கும் கூலிக்காரரின் இருமலுக்கும் ஒரே விதி. இரண்டாவது, நோய் தீர்ந்த அன்றே விலகலும் தீர வேண்டும். மூன்றாவது, விலகி இருப்பவருக்குக் கஞ்சியும் தண்ணீரும் மருந்தும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பழைய தீண்டாமையே; புது வேடம் போட்டு வந்திருக்கிறது.

2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. முறைப்படி அடக்கம் செய்த உடலிலிருந்து அந்நோய் பரவாது. ஆகவே அது எச்சரிக்கை அல்ல, இரக்கமின்மை.

அச்சம் குறைய, நோய் வரும் பாதை தெரிய வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகில் இருக்கிறது கச்சிராயபாளையம். மழைக்காலத்தில் திறந்தவெளி மலக்கழிவு ஓடையிலும் கிணற்றிலும் கலந்தால், வாந்திபேதியும் மஞ்சள் காமாலையும் தண்ணீர் வழியே வரும். கொதிக்க வைத்து ஆறிய நீரும், குளோரின் போட்ட தொட்டியும் அதைத் தடுக்கும். டெங்குக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டுத் தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை இவற்றில் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிட்டு, பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால் அந்தப் பாதை அடைபடும். காசநோயும் கொரோனாவும் மூச்சுக்காற்றில் வரும். முகத்தை மூடி இருமுவதும், சன்னலைத் திறந்து வைப்பதும் அங்கே காவல். இந்தப் பாதைகளில் எங்கும் சாதி இல்லை. பாவ புண்ணியக் கணக்கும் இல்லை. நோய் வந்தவரைப் பாவி என்பது, அடிபட்டவரை மறுபடி அடிப்பது.

வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் பந்தியார் நாள்தோறும் நீராடி, உடை துவைத்துத் தவமிருந்தார்கள். அது ஆன்மாவுக்கான தவம். ஆனால் அழுக்கு என்பது துவைத்தால் போவது, பிறப்போடு ஒட்டியது அல்ல என்ற பாடமும் அதில் இருக்கிறது. அய்யா உடலோடு வாழ்ந்த காலத்திலேயே, 1847-ல், வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்கும் மருத்துவர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார் சாவு வெகுவாகக் குறைந்தது. இருந்தும் பெரிய மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தன் கையிலும் அழுக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள மனத்தாழ்மை வேண்டும்.

தாங்கல்களில் இதைக் கடைப்பிடிப்பது எளிது. நாமம் சாத்துபவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாத்தட்டும். அன்னதர்மம் பரிமாறுபவருக்குக் காய்ச்சலோ பேதியோ இருந்தால் அன்று பணிவிடையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கட்டும். வீட்டில் படுத்திருக்கும் அன்பருக்குப் பங்கு இனிமம் வாசலுக்குப் போகட்டும். நோயுற்றவர் பந்திக்கு வராமல் இருப்பது அவர் செய்யும் தர்மம். அவர் வாசலைத் தேடிப் போவது மற்றவர்கள் செய்யும் தர்மம். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டுத் தேறி வருபவரை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அவர் நெற்றியில் நாமம் சாத்தும் கை நடுங்கக் கூடாது.

அய்யா துணை.