வேண்டாம் என்று சைகை செய்தார்கள்



அத்தா ஐ.சி.யூ.வில் இருக்கிறார். டாக்டர் வெளியே வந்து, "இனி குணமாக வாய்ப்பில்லை. வென்டிலேட்டர் வைக்கவா, வேண்டாமா?" என்று கேட்கிறார். வேண்டாம் என்றால் நாமே கொன்றதாகிவிடுமோ என்று பிள்ளைகளுக்குப் பயம். ஊர் வாய்க்கும் பயம், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹராம் எது என்பதில் சந்தேகமில்லை. வலி தாங்கவில்லை என்று ஊசி போட்டு உயிரை முடிப்பது கொலை; நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும் கொலைதான். முன்சென்ற சமுதாயத்தில் ஒருவர் காயத்தின் வேதனை தாளாமல் கத்தியால் கையை அறுத்துக்கொண்டு இறந்தார். அவருக்கு அல்லாஹ் சுவனத்தைத் தடுத்துவிட்டான் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஆனால் வலியைக் குறைக்க டாக்டர் அளவோடு தரும் மார்ஃபின் இதில் சேராது. அதை மறுத்து அத்தாவைத் துடிக்கவிடுவது பொறுமையாகாது.

இப்போது நபி (ஸல்) அவர்களின் கடைசி நோயைப் பாருங்கள். மயக்கத்தில் இருந்த அவர்களின் வாயோரத்தில் வீட்டார் மருந்து ஊற்றினார்கள். வேண்டாம் என்று சைகை செய்தார்கள். 'நோயாளிக்கு மருந்து பிடிக்காதுதானே' என்று நினைத்து ஊற்றிவிட்டார்கள். எல்லாம் பாசத்தில்தான்! தெளிந்ததும் நபி (ஸல்) அவர்கள், நான் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். அந்த இடத்தில் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்களைத் தவிர, வீட்டிலிருந்த எல்லாருக்கும் அதே மருந்தை ஊற்றச் சொன்னார்கள்.

சகோதரர்களே, நம் அத்தாவின் சைகையை நாம் கவனித்தோமா? கேட்டோமா?

பயனில்லாத சிகிச்சையை நிறுத்துவது கொலையல்ல. நோய் தன் வழியே செல்கிறது. மூளையின் இயக்கம் முழுவதும் திரும்பாதபடி நின்றுவிட்டதாக நிபுணர்கள் முடிவு செய்தால் கருவியை எடுக்கலாம் என்று 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. நம் நாட்டிலும் 2018-ல் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைப்பதை ஏற்றது. 2023 முதல் இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியிடம் சான்று பெற்றால் போதும். வஸிய்யத் எழுதும்போதே இதையும் ஆலிமிடமும் டாக்டரிடமும் கேட்டு எழுதிவிடுங்கள்.

ஸகராத் நேரம் நெருங்கிவிட்டால், டாக்டரிடம் பேசி ஒருவராவது உள்ளே போங்கள். உதட்டை நனையுங்கள். காதருகே மெதுவாகக் கலிமா சொல்லுங்கள். சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நெருக்காதீர்கள். அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் அமைதியாக இருங்கள். அதன்பின் அவர் வேறு ஏதாவது பேசினால் மட்டும் மறுபடி நினைவூட்டுங்கள்.