தொலைவு என்னும் சாக்கு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் மூடுபனி நம்மை வரவேற்கிறது. தமிழின் முதல் ஆசான் என்று மரபு போற்றும் அகத்தியரின் பெயர் தாங்கிய மலை இதே தொடரில்தான் நிற்கிறது. இங்குள்ள தேயிலைச் சரிவுகளில் உழைத்தவருள் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஆகவே, பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்த தமிழருக்குப் பொன்முடி முற்றிலும் அயல் மலை அன்று.

எங்கள் சங்கத்தைச் சேர்ந்த சில குடும்பங்கள் ஒரு விடுமுறை நாளில் அங்கே கூடி, இணையமும் சமுதாயமும் என்னும் பொருள் பற்றி உரையாடினோம். மலைப்பாதையின் சில வளைவுகளில் கைப்பேசிக்கு அலை கிடைத்தது, சிலவற்றில் கிடைக்கவில்லை. அலை அற்ற இடங்களில் இளைஞர் வாடினர், முதியோர் நகைத்தனர். உரையாடலிலும் அவ்வாறே இரண்டு அணிகள் தோன்றின. இணையம் உலகைச் சிற்றூர் ஆக்கியது என்றது ஓர் அணி. அது வீட்டைப் பல தீவுகளாக்கியது என்றது மற்றோர் அணி. அதுவரை பேசாதிருந்த அம்மையார் ஒருவர் அப்போது மெல்லக் கேட்டார்: "என் மகன் கடல் கடந்து வாழ்கிறான். நாள்தோறும் திரையில் முகம் காட்டுகிறான். வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆயின. அவன் எனக்கு அருகில் இருக்கிறானா, தொலைவில் இருக்கிறானா?"

ஒருவரும் உடனே விடை கூறவில்லை. இணையத்தின் நன்மை தீமைகளைப் பட்டியலிடுவது எளிது. இந்த வினாவுக்கு விடை காண்பதே அரிது.

முதலில் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். இணையம் தீது என்று வெறுத்துப் பேசுவது, அது கிடைக்கப்பெற்றவர்களின் ஆடம்பரம். கிடைக்காதவர்களுக்கு அது கல்வி, அது வேலை, அது உரிமை. 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அது நகரத்துச் சிலரின் வியப்புப் பொருளாக இருந்தது. 2002-இல் மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய அட்சயத் திட்டம், குடும்பத்திற்கு ஒருவரேனும் கணினி அறிவு பெற வேண்டும் என்று முயன்றது. கோழிக்கோடு மாவட்டத்துக் கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்றொரு விதி இருந்தது. அதனை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட மாணவி நீதி கேட்டார். இணையத்தை அணுகும் உரிமை, கல்வி உரிமையிலும் தனிமை காக்கும் உரிமையிலும் அடங்கும் என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

அடுத்த ஆண்டே அத்தீர்ப்பின் பொருள் எல்லோருக்கும் விளங்கிற்று. பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் தொடங்கின. கருவி உள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை வகுப்புக்கு வெளியே நின்றது. மலைத் தோட்டங்களில் அலை கிடைக்கும் மேட்டைத் தேடிப் புத்தகப் பையுடன் ஏறிய பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் சென்று, இணையம் மனிதரைப் பிரிக்கிறது என்று நாம் அறிவுரை கூறலாமா? 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு தன் கண்ணாடி இழை வலையமைப்பான கே-போனைத் தொடங்கி, 20 இலட்சம் வறிய குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது இக்குறையை உணர்ந்தே ஆகும். ஊருக்குச் சாலை வேண்டும் என்று கேட்பது எவ்வாறு நியாயமோ, அவ்வாறே இதுவும் நியாயம்.

ஆனால், சாலை வேறு, பயணம் வேறு. சாலை யாரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதைச் சாலை முடிவு செய்வதில்லை.

2018-ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தை கடத்துபவர் என்ற ஐயத்தினால் அடித்துக் கொல்லப்பட்டார். வழியில் கண்ட குழந்தைகளிடம் அன்பு காட்டி இனிப்புக் கொடுத்ததே அவர் செய்த பிழை. குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராகப் பரவியிருந்தது. அதனை அனுப்பியவர் எவரும் அந்த மூதாட்டியின் முகத்தைக் கண்டவர் அல்லர்.

மூன்று மாதங்கள் கழிந்தன. ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. கூரை மேல் நின்றவர்கள் கைப்பேசியில் தம் இருப்பிடத்தை எழுதி அனுப்பினர். அரசும் தன்னார்வப் பொறியாளர்களும் அமைத்த இணையத்தளத்தில் அச்செய்திகள் குவிந்தன. அயல்நாடுகளில் இருந்தோரும் உறக்கமின்றி அவற்றைச் சரிபார்த்து அனுப்பினர். திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளின் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் நோக்கி விரைந்தனர். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர்.

ஒரே ஆண்டு, ஒரே கருவி, அடுத்தடுத்த மாநிலங்கள். ஓரிடத்தில் அது கொலைக்குத் துணை நின்றது. மற்றோரிடத்தில் உயிர் காத்தது. வேறுபாடு எங்கே இருந்தது? வதந்தியைப் பரப்பியவர் செய்தியை அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது என்று எண்ணினர். வெள்ளத்தில் உதவியவர்களுக்கோ, செய்தி வந்த பின்னரே கடமை தொடங்கியது. செய்தி கம்பியின்றி வந்தது. படகு மனிதரின் தோள்வலியால் வந்தது.

இவ்வுண்மை நம் இலக்கியத்துக்குப் புதியது அன்று. உறையூரில் ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் நட்பைப் புறநானூறு போற்றுகிறது. சோழன் வடக்கிருந்தபோது, நண்பர் வருவார் என்று நம்பி அருகில் இடம் ஒதுக்கச் சொன்னான். ஆந்தையாரும் வந்தார். காணாமலே நட்புக் கொள்ள இயலும் என்பதற்கு இக்கதையைக் காட்டுவர். அதன் முடிவையும் நாம் மறக்கலாகாது. உணர்ச்சியால் ஒன்றியவர், வேண்டிய வேளையில் கால்நடையாக வந்து சேர்ந்தார். அவர்கள் இடையே தொலைவு இருந்தது. தொலைவைச் சாக்காகச் சொல்லும் வழக்கம் இல்லை.

நமக்கோ நெடுங்காலம் தொலைவு ஒரு நல்ல சாக்காக இருந்தது. கடிதம் சேர வாரங்கள் ஆகும். தொலைபேசிக் கட்டணம் மிகுதி. ஆதலால் தாயின் நலம் கேட்க இயலவில்லை என்று சொல்லலாம். ஊரில் தமிழ்நூல் கிடைக்காது. ஆதலால் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க இயலவில்லை என்று சொல்லலாம். இணையம் இச்சாக்குகளைப் பறித்துவிட்டது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், நம் இலக்கியங்களைக் கட்டணமின்றி எந்த நாட்டு வீட்டுக்கும் கொண்டு சேர்க்கிறது. நூலகம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. படிக்கும் நேரத்தை மட்டும் அதனால் கொண்டுவர இயலாது. ஆகவே இணையம் நம் அன்பைக் குறைத்தது என்று சொல்வது முழு உண்மை அன்று. அன்பு குறைந்த இடங்களை அது மறைக்க இயலாமல் வெளிப்படுத்திவிட்டது.

விடுப்பும் பொருளும் இன்றி வர இயலாத மகனும் உண்டு. அவனைக் குறை கூறுதல் அறம் அன்று. ஆனால், முகம் காட்டுதல் வேறு. நலம் அறிதல் வேறு. திரையில் தாயின் முகம் தெரியும். அன்று அடுப்பு மூட்டப்படாத சமையலறை தெரியாது. "நலமாக இருக்கிறேன்" என்று அவள் சொல்வாள். எல்லாத் தாயரும் அவ்வாறே சொல்வர். அச்சொல்லுக்குப் பின்னும் பொறுத்திருந்து கேட்பவனே பக்கத்தில் இருப்பவன். ஒரே கூடத்தில் அமர்ந்து ஆளுக்கொரு திரையை நோக்கும் நாமும், நமக்கிடையே உள்ள தொலைவை அளந்து பார்த்தல் நலம்.

அந்த அம்மையாருக்கு அன்று நான் விடை கூறவில்லை. இன்று கூறுவேன்: "அம்மா, உங்கள் மகன் அருகில் வருவதற்கு வழி திறந்திருக்கிறது. அவ்வழியே அவன் முகம் வந்துவிட்டது. மனம் வந்ததா என்பதை நீங்கள்தாம் அறிவீர்கள். வரவில்லையெனில், அதற்குத் தொலைவு காரணம் அன்று." இதை அவரிடம் சொல்வதற்கு முன், என் ஊரில் என் அழைப்புக்காகக் காத்திருப்போரை நான் எண்ணிக்கொள்ள வேண்டும்.