ஒரு பெயரும் எட்டுத் தலைமுறைகளும்

உறுப்புகள் யாவும் மாறிய பின்னரும் ஒரு பொருள் அதே பொருள்தானா என்னும் வினா மிகப் பழமையானது. ஏதென்ஸ் நகரத்தார் பேணிய தீசியஸின் கப்பலிற் பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டமை பற்றிப் புளூட்டாக் எழுதினார். நாகசேன தேரரோ மிலிந்த மன்னனிடம், அவன் ஏறிவந்த தேரின் அச்சுத்தான் தேரா, சில்லுத்தான் தேரா என வினவி, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு இட்ட பெயரே என நிறுவினார். கப்பலும் தேரும் தனிப்பொருள்கள். ஒரே பெயரின்கீழ்த் தலைமுறை தலைமுறையாகப் புதிய பொருள்கள் பிறக்குமாயின் அவற்றை ஒன்றெனச் சொல்லவைப்பது எது? சிறு போர்க்கப்பலொன்றின் பெயரைத் தாங்கிய அமெரிக்க மோட்டார் வண்டியான கோர்வெற் இவ்வினாவுக்குத் தக்க உதாரணமாகும்.

1953இல் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில் 300 கோர்வெற் வண்டிகள் செய்யப்பட்டன. யாவும் வெண்ணிறம், கண்ணாடியிழை உடல், இரண்டே ஆசனங்கள், ஆறு உருளைகள் கொண்ட இயந்திரம். எட்டு உருளை இயந்திரம் 1955இலேயே வந்து சேர்ந்தது. எட்டு உருளை இல்லாதது கோர்வெற் அன்று எனச் சாதிப்போர், முதற்பிறந்த முந்நூறையும் குடும்பத்திலிருந்து விலக்கவேண்டியவராவர்!

இதனினும் பெரிய பூசல் 2019இல் எழுந்தது. எட்டாந் தலைமுறை வண்டியில், அதுவரை முன்புறம் இருந்த இயந்திரம் சாரதியின் பின்னால் வைக்கப்பட்டது. பெயர் இருக்கிறது, வண்டி போய்விட்டது என்றனர் பழைய பற்றாளர் சிலர். ஆயின் கோர்வெற்றை ஓட்டப் பந்தயத்துக்குரிய வண்டியாக வளர்த்தெடுத்த பொறியியலாளர் சோரா ஆர்க்கஸ் டன்ரொவ், இயந்திரத்தைப் பின்னால் வைக்கவேண்டுமெனப் பல்லாண்டுகள் வாதாடியவர்; 1960இலேயே அவ்வாறான பரிசோதனை வண்டியொன்றைச் செய்தவர். நிருவாகம் இணங்கவில்லை. அவர் 1996இற் காலமானார். பற்றாளர் முறிவெனக் கண்டது அவருக்கு நிறைவேற்றமாகத் தோன்றியிருக்கும். எனினும் ஒருவரின் விருப்பமே பொருளின் சாரமாகிவிடாது. வண்டியைத் தோற்றுவித்தவரும் அவரல்லர். முதல் வடிவம் ஹார்லி ஏர்லின் முயற்சியாற் பிறந்தது.

பெயர் கம்பனியின் உடைமை, அது விரும்பியதற்கு இடலாம் என்பது சட்டத்தின் விடை. அதே 2019இல் போர்ட் கம்பனி, மஸ்ராங் என்னும் தன் புகழ்பெற்ற பெயரை நான்கு பக்கக் கதவுகளுடைய மின்சார வண்டியொன்றுக்குச் சூட்டியது. சட்டத்திற் குற்றமில்லை. ஆனால் ஒரு பெயரின் மதிப்பு, அதை நம்பி வாங்கியோராலும் உழைத்தோராலும் சேர்க்கப்பட்டது. மாற்றத்துக்குரிய காரணத்தை முன்னையோர் தமதென ஏற்பார்களாயின் அது வளர்ச்சி. அவர்களின் புகழ் மட்டும் வேண்டப்படுமாயின் அது கடன். கோர்வெற்றில் இயந்திரம் இடம்மாறியது பின்சில்லுகளின் பிடிப்புக்காக. டன்ரொவ் நாடியதும் அதுவே. (காரியம் முடிந்தபின் காரணம் புனைவது எளிது என்பதும் மறக்கற்பாலதன்று.)

2014 பெப்ரவரி 12ஆந் திகதி கென்ரக்கி மாநிலத்துக் கோர்வெற் அருங்காட்சியகத்தின் தளம் உள்வாங்கி, எட்டு வண்டிகள் குழியில் வீழ்ந்தன. அவற்றுளொன்று 1992இற் செய்யப்பட்ட பத்து இலட்சமாவது கோர்வெற். தொழிலாளர் அதன் உறுப்புகளிற் கையொப்பமிட்டிருந்தனர். அதனைச் சீர்செய்தோர், மீட்கவியலாத உறுப்புகளிலிருந்த கையொப்பங்களைப் படியெடுத்துப் புதியவற்றிற் பதித்தனர். நாகசேனர் இதற்கு நகைத்திருப்பாரோ என்னவோ. ஐந்து வண்டிகள் நொறுங்கிய நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. ஓடமாட்டாத அவ்வைந்தையும் கோர்வெற் அன்று என எவரும் சொல்லவில்லை.