நூலாசிரியராகும் வேட்கையும் ஆணவமும்

தாம் எழுதியது அச்சேறி நூலாக வெளிவர வேண்டும் என்னும் வேட்கை, அவாவறுத்தலை வற்புறுத்தும் சமய நெறியோடு பொருந்துமா என்பது எளிதில் தீராத வினா. புகழ் விழைவும் அவாவின் ஒரு வடிவமே என்றால், அட்டையில் தம் பெயரைக் காண ஏங்குபவர் தம் பந்தத்தையே பெருக்கிக்கொள்கிறார்; எழுதியதை எவர் கண்ணிலும் படாமல் மறைத்து வைப்பதே துறவு என்றால், திருமுறைகளும் திவ்வியப் பிரபந்தமும் பின்வந்தோர் கைக்கு எட்டியிரா.

சைவ சித்தாந்தம் மும்மலங்களுள் முதலாவதாக வைக்கும் ஆணவம் என்பது வெறும் செருக்கன்று. உயிரின் அறிவை அநாதியாக மறைத்து நின்று, எல்லாவற்றையும் தானே செய்வதாக அதனை எண்ணச் செய்யும் குற்றம் அது. பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயமும் ஒரு செயலுக்கு உடல், செய்பவன், கருவிகள், பல்வேறு முயற்சிகள், தெய்வம் என ஐந்து காரணங்களைக் கூறி, தன்னை மட்டுமே கர்த்தாவாகக் கருதுபவன் உண்மையைக் காணாதவன் என்கிறது. இப்பகுப்பை ஒரு நூலுக்குப் பொருத்தினால், எழுதியவர் ஐந்தில் ஒருவராகவே நிற்பார். அவர் கையாளும் மொழியோ அவருக்கு முன் பேசியும் பாடியும் மறைந்த எண்ணற்றோர் ஆக்கி வைத்த கருவி. ஆகவே குற்றம், நூலைப் பிறருக்குத் தர விரும்புவதில் இல்லை. அதை முழுதும் தமது ஆக்கமாக உரிமை கொண்டாடுவதில்தான் உள்ளது.

தமிழ் இலக்கண மரபு இதை நடைமுறை விதியாகவே ஆக்கியது. பவணந்தி முனிவரின் நன்னூல், நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், பயன் முதலியவற்றைக் கூறும் சிறப்புப் பாயிரத்தை ஆசிரியரே இயற்றலாகாது என்றும், அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர் ஆகியோருள் ஒருவரே இயற்ற வேண்டும் என்றும் வகுத்தது. பெயர் மறைக்கப்படுவதில்லை, அதைச் சொல்லும் உரிமை மட்டுமே பிறரிடம் ஒப்படைக்கப்படுகிறது.

இராமலிங்க அடிகளின் திருவருட்பா அச்சேறிய வரலாறு இதற்குத் தக்க சான்று. பாடல்களை வெளியிட அடிகள் எளிதில் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார், அவை தம் கைக்கு வரும்வரை நாளுக்கு ஒருவேளை உணவே கொள்வதென நோன்பிருந்த பின்னரே அடிகள் இசைந்தார் என்பர். தம்மை 'இராமலிங்கசாமி' என வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று மறுத்து அவர் கடிதமும் எழுதினார். பாடல்களைத் திருமுறைகளாக வகுத்து, நூலுக்குப் பெயர் சூட்டி, 1867-இல் முதல் நான்கு திருமுறைகள் வெளிவரச் செய்து, நூல் வந்த வகையைத் 'திருவருட்பா வரலாறு' என்று செய்யுளில் பாடியவர் அவருடைய மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார். பின்னர் ஆறுமுக நாவலர் தரப்பினருடன் மூண்ட அருட்பா–மருட்பா வழக்கிலும் 'அருட்பா' என்னும் அப்பெயரே முதன்மையான பூசற்பொருளாயிற்று. புகழை நாடாதவரின் நூலையும் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருங்கே சூழ்ந்தன. எனினும் பாடல்களைப் பிறருக்கு வழங்கியது பிழையென எவரும் கொள்ளார்.

மாணாக்கரும் புரவலரும் வாய்க்காமல், தாமே பதிப்பகத்தின் படியேறிக் கையெழுத்துப்படியை நீட்ட வேண்டிய இக்கால எழுத்தாளருக்கு இவ்வடக்கம் எவ்வாறு கைகூடும் என்று வினவலாம். அதற்கும் நன்னூலிலேயே விடை உண்டு: தற்புகழ்ச்சி தகாது என்று விலக்கிய அந்நூல், அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதில் வெல்லும்போதும், எதிரி தம்மைப் பழிக்கும்போதும் தம் திறத்தைத் தாமே கூறலாம் என்று விதிவிலக்கும் அளித்தது. தம்மை அறியாத பதிப்பாளரிடம் தம் நூலின் தகுதியை எடுத்துரைப்பது இவ்விதிவிலக்கினுள் அடங்கும். நூல் வந்தபின் தாமே அதற்குப் புகழுரை பாடித் திரிவது அடங்காது.

எனவே நூல் வெளியிடும் வேட்கை துறக்கத்தக்கதன்று, சோதிக்கத்தக்கது. தம் பெயர் நீக்கப்பட்டாலும் அந்நூல் வெளிவர வேண்டும் என்று ஒருவர் விரும்புவாராயின் அவ்வேட்கை அறத்தின்பாற்பட்டது; பெயர் இல்லையேல் நூலே வேண்டாம் என்று அவர் எண்ணுவாராயின், அது ஆணவத்தின் செயலே.