கண்ணின் உரிமை

மூக்குக்கண்ணாடியின் சட்டத்திலே கடுகளவு காமிரா. காதோரத்திலே பேசும் கருவி. பெயர்ப்பலகையைப் படித்துச் சொல்கிறது, கடிதத்தை வாசிக்கிறது, வாயில் எப்பக்கம் என்று வழிகாட்டுகிறது. பார்வையற்றோர்க்கு அறிவியல் வழங்கிய அருங்கொடை இது!

பார்வை குன்றிய டென்மார்க் நாட்டவர் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்பார் முயற்சியால், 2015ஆம் ஆண்டிலே ‘பி மை ஐஸ்’ எனும் கைபேசிச் செயலி தோன்றியது. ‘என் கண்ணாயிரு’ என்பது அதன் பொருள். கண்ணுள்ளோர் இருந்த இடத்திலிருந்தே கண்ணற்றோர்க்கு உதவினர். 2024இல் அவ்வுதவி, மெட்டா நிறுவனத்தின் ரேபான் கண்ணாடியிலும் புகுந்தது. ஒரு கையில் தடி, மறு கையில் பை; கைபேசியை ஏந்த மூன்றாவது கை தேவையில்லை!

ஆயினும், தெருவிலே நடப்போர் கேட்கின்றனர்: “எம்மைப் படமெடுக்க எவர் இசைவு தந்தார்?” வீண் அச்சமன்று இது. அதே 2024இல், ஆர்வர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், இக்கண்ணாடியோடு முகமறியும் மென்பொருளை இணைத்து, முன்பின் அறியாதவரின் பெயரையும் முகவரியையும் திரட்ட முடியும் என்று மெய்ப்பித்துக் காட்டி, உலகை எச்சரித்தனர்.

அப்படியானால் கருவியையே தடுத்துவிடுக என்பர் சிலர். 2023இல் அதற்கொரு முன்னோட்டம் கண்டோம். ‘பி மை ஐஸ்’ செயலியில் படங்களை விளக்கிய செயற்கை அறிவு, அந்தரங்கம் கருதி முகங்களை மட்டும் மறைக்கத் தொடங்கியது. எதிரே நிற்பவர் சிரிக்கிறாரா, சினக்கிறாரா என்பதைக் கண்ணுள்ளவர் கேளாமலே அறிகிறார். கண்ணற்றவர்க்கு மட்டும் அது மறைபொருளாக வேண்டுமா? பலரின் அச்சத்துக்குச் சிலரின் பார்வையை விலையாக்குவது எந்த நீதி?

சிக்கல் எங்கே இருக்கிறது? கண் ஆயிரம் முகங்களைக் காண்கிறது; காண்பவற்றில் பெரும்பாலானவற்றை மறந்துவிடுகிறது. அந்த மறதியே பொதுவிடத்தில் நமக்குக் காவல். கருவியோ மறப்பதில்லை, நினைத்ததைப் பிறர் கையிலும் கொடுக்கிறது. ஆகவே, காண்பதற்கு உரிமை வேண்டும். சேர்த்து வைப்பதற்குத் தடை வேண்டும். ஒருவரைப் பெயர்சொல்லி அடையாளம் காட்ட, அவரது இசைவு வேண்டும். கடைப்பலகையைப் படித்துச் சொன்ன பிறகு, அப்படத்தில் வழிப்போக்கர் முகத்துக்கு என்ன வேலை?

படமெடுக்கையில் சிறு விளக்கு எரிகிறதே என்கின்றனர் நிறுவனத்தார். எதிரே வருபவரும் பார்வையற்றவராயின் அவ்விளக்கு எதை உணர்த்தும்? பார்வையற்றோர் காண விரும்புவோர் மட்டுமல்லர், காக்கப்பட வேண்டியோருமாவர்! அவர்கட்கும் கேட்கும்படி ஓர் ஒலி எழுப்ப இயலாதா?

2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கண்டது நம் நாடு. 2017இல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2025இல் இக்கண்ணாடி நம் கடைகளுக்கும் வந்துவிட்டது. இரண்டு உரிமைகளும் பகையல்ல. பகைபோல் தோன்றச் செய்வது, பார்த்ததையெல்லாம் உடைமையாக்கிக் கொள்ளத் துடிக்கும் வணிக வேட்கை. அதற்கு வேலியிடுக! பார்வையற்றவரின் பாதையிலே வேலியிடாதீர்!