யார் கணக்கில் எழுதுவது?

1701-இல், இன்றைய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த மாசசூசெட்ஸ் குடியேற்றம் நோய்க்காலத்துக்கென்றே ஒரு சட்டம் செய்தது. பெரியம்மையோ வேறு கொள்ளைநோயோ கண்டவர் கடல்வழியாகவோ தரைவழியாகவோ ஊருக்குள் வந்துவிட்டால், ஊர் நிர்வாகிகள் அவரைத் தனி வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். செவிலி அமர்த்தி, வேண்டியதையெல்லாம் கொடுக்க வேண்டும். கையில் காசுள்ளவர் என்றால் செலவு அவருடையது. இல்லாதவர் என்றால் அவர் எந்த ஊரைச் சேர்ந்தவரோ அந்த ஊருடையது. வீடு கொடுக்க யாரும் முன்வராவிட்டால், இரண்டு நீதிபதிகளின் ஆணையைக் காட்டி ஒருவருடைய வீட்டையே எடுத்துக்கொள்ளலாம். செவிலியையும் அப்படியே கட்டாயப்படுத்தி அழைத்து வரலாம். சொத்துரிமையை வேதத்துக்கு அடுத்த இடத்தில் வைத்திருந்த மக்கள், முன்பின் தெரியாத ஒரு நோயாளிக்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்கும் அதிகாரத்தைச் சட்டத்துக்குக் கொடுத்தார்கள்.

அதே 1701-இல் அதே குடியேற்றத்தின் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் செய்தது. வெளியூரிலிருந்து வந்து குடியேறும் ஒருவரைப் பன்னிரண்டு மாதம் யாரும் 'கிளம்பு' என்று சொல்லாமல் விட்டால்தான் அவர் அந்த ஊர்க்காரர். அதற்குள் முறைப்படி எச்சரித்துவிட்டால், பிறகு எத்தனை ஆண்டு அங்கேயே உழைத்தாலும், நொடிந்துபோகும் நாளில் ஊரிடம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. முடவரையோ நலிந்தவரையோ ஏற்றிவரும் கப்பல் தலைவர், இவர் ஊருக்குச் சுமையாக மாட்டார் என்று ஜாமீன் கட்ட வேண்டும்.

இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அம்மை கண்டு வந்தவனுக்கு வீடு, படுக்கை, செவிலி. அம்மை இறங்கி, உடம்பு தேறி, வேலை கிடைக்காமல் பசியோடு நிற்பவனுக்கு எச்சரிக்கை. ஆள் ஒருவன்தான். மாறியது, அவனால் ஊருக்கு ஆபத்து உண்டா என்பது மட்டும். தன்னைக் காத்துக்கொள்ளும் அச்சம் அந்நியன் வரைக்கும் கை நீட்டியது. இரக்கம் ஊர் எல்லையோடு நின்றது. இப்படி எல்லை கட்டிய இரக்கத்தை அறம் என்று சொல்லலாமா?

இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அந்தச் சட்டங்கள் செய்த நல்லதை முதலில் எடை போட வேண்டும், அது சிறியதல்ல. 1601-இல் இங்கிலாந்தில் எலிசபெத் அரசி காலத்து ஏழையர் சட்டம், ஒவ்வொரு திருச்சபை வட்டாரமும் வரி போட்டுத் தன் ஏழைகளைக் காக்க வேண்டும் என்றது. கடல் கடந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் அதைப் பெட்டியில் கட்டி எடுத்து வந்தார்கள் என்றே சொல்லலாம். பிளிமத் குடியேற்றம் 1642-இல் ஊருக்கு ஊர் அந்தப் பொறுப்பை ஏற்றது. ரோட் ஐலண்டின் 1647-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இதைச் சில வரிகளில் முடித்துவிட்டது: ஊர் தன் ஏழைகளைக் கவனிக்க வேண்டும், உழைக்க முடியாதவரைத் தாங்க வேண்டும், முடிந்தவருக்கு வேலை கொடுக்க வேண்டும், இதற்கென ஒரு கண்காணிப்பாளரை அமர்த்த வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. கண்காணிப்பாளர் என்றால் பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆள். கணவனை இழந்த பெண் பத்து வீட்டுப் படியேறிப் பத்து முறை தன் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. செல்வந்தருக்கு அன்று மனம் இளகியிருக்கிறதா என்று முகம் பார்க்க வேண்டியதில்லை. வர்ஜீனியாவில் இந்த வேலை திருச்சபைக் குழுவின் கையில் இருந்தது. அங்கே புகையிலைதான் நாணயம். வரியும் புகையிலை, நிவாரணமும் புகையிலை. குருடரான ஒரு கிழவரைத் தன் வீட்டில் வைத்துச் சோறு போடும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு இத்தனை பவுண்டு புகையிலை என்று குழுவின் ஏட்டில் எழுதிவைப்பார்கள். கிழவரை வீட்டுக்காரர் அன்போடு நடத்தினாரா என்று ஏடு சொல்லாது. ஆனால் அவர் பட்டினி கிடக்கவில்லை. அதற்கு யாரையும் கும்பிடவும் இல்லை.

வரியாகப் பிடுங்கப்படும் தருமம் தருமமே அல்ல, கொடுப்பவனுக்கு அதில் புண்ணியமில்லை என்று ஒரு வாதம் உண்டு. கொடுப்பவன் பக்கம் நின்று பார்த்தால் அது சரிதான். வாங்குபவன் பக்கம் நின்று பார்த்தால் அந்த வாதத்துக்கு ஒரு வேலையும் இல்லை. கஞ்சியைக் குடிப்பவனுக்குக் கொடுத்தவனின் மறுமைக் கணக்கு எதற்கு?

எல்லைக்கும் ஒரு நியாயம் உண்டு. அறுபது எழுபது குடும்பங்கள், கடுங்குளிர், பாறை நிலம், வரியைத் தானியமாகவே கட்டும் ஊர். இன்னாரை இன்ன ஊர் காக்க வேண்டும் என்று வரையறுக்காவிட்டால், பக்கத்து ஊர் தன் ஏழைகளையெல்லாம் இங்கே ஓட்டிவிடும். ஒரு ஊர் தாராளமாக இருந்தால் அதுதான் முதலில் நொடியும். யாரையும் விலக்காத வாக்குறுதியை ஒரு சிற்றூர் கொடுக்கலாம், காப்பாற்ற முடியாது. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நாம் தகுதி பார்த்தோம். அவர்கள் ஊர் பார்த்தார்கள்.

இந்த நியாயம் தாளில் நிற்கிற அளவுக்குத் தெருவில் நின்றதா? மாசசூசெட்ஸின் பாஸ்டன் நகரம் 1765-இல் ராபர்ட் லவ் என்பவரைப் புதியவர்களை எச்சரிப்பதற்கென்றே அமர்த்தியது. கப்பல் துறை, சத்திரம், வாடகை அறை என்று நடந்து, புதிதாக வந்தவர்களைத் தேடி, எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்று விசாரிப்பார். பிறகு அரசரின் பெயரால், பதினான்கு நாளில் நகரை விட்டுப் போகும்படி வாய்மொழியாக எச்சரித்துவிட்டு வீட்டுக்குப் போய் எழுதிவைப்பார். 1774 வரை ஏறத்தாழ நாலாயிரம் பேரை அவர் எச்சரித்தார். வேலை தேடி வந்த இளைஞர்கள், படையிலிருந்து விடுபட்ட சிப்பாய்கள், துருப்புகளின் பின்னால் வந்த பெண்கள்.

வேடிக்கை என்னவென்றால், அவர்களில் பெரும்பாலோர் எங்கேயும் போகவில்லை. யாரும் அவர்களைத் துரத்தவும் இல்லை. அவர்கள் அங்கேயே வேலை பார்க்கலாம், மணம் முடிக்கலாம், வீடும் வாங்கலாம். அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் வேறு: இவர் நாளைக்கு விழுந்தால் செலவு நகரத்தின் கணக்கில் அல்ல, மாகாணக் கருவூலத்தின் கணக்கில். நகரத்து ஏழைகள் தங்கிய அதே ஏழையர் விடுதியில், அதே படுக்கையில், வேறு தலைப்பில் எழுதப்பட்ட செலவாக அவர் படுத்திருப்பார். கொடூரம் என்று நினைத்துக் கிட்டப்போய்ப் பார்த்தால் கணக்குப்பிள்ளை வேலை.

பக்கத்து ரோட் ஐலண்டில் அப்படி இல்லை. அங்கே மாகாணக் கருவூலம் அந்தச் செலவை ஏற்காததால், எச்சரிக்கை பல நேரம் உண்மையான வெளியேற்றமாகவே முடிந்தது. ஊர் மன்றம் அழைத்து விசாரிக்கும். பிறந்த ஊர் எது, யாரிடம் வேலை பார்த்தாய், எவ்வளவு காலம் என்று கேட்கும். ஆணை பிறந்ததும் ஊர்க் காவலர் வண்டியேற்றி எல்லை கடத்துவார். நிறைமாதப் பெண்களை அவசர அவசரமாக அனுப்பினார்கள். குழந்தை இங்கே பிறந்துவிட்டால் இந்த ஊருக்குக் கடன் ஆகிவிடுமே என்ற பயம். வெளியேற்றப்பட்டவர்களில் பெண்களும், கறுப்பினத்தவரும், அந்த மண்ணின் பூர்வகுடிகளும் தங்கள் எண்ணிக்கைக்கு மீறி இருந்தார்கள். பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து அந்த மண்ணில் இருந்தவரைப் பார்த்து, நேற்றுக் கப்பலில் வந்தவரின் பேரன் 'நீ எந்த ஊர்?' என்று கேட்டான். இந்த இடத்தில் சிற்றூரின் சிக்கனம் என்ற வாதம் நிற்காது. எல்லை தேவை என்பது ஒன்று, அந்த எல்லையில் யார் எப்போதும் வெளிப்பக்கம் நிற்கிறார் என்பது வேறு.

இங்கிலாந்தின் இதே வகைச் சட்டத்தை 1776-இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் கடுமையாகத் தாக்கினார். குற்றம் எதுவும் செய்யாதவனை, அவன் வாழ விரும்பும் ஊரிலிருந்து அகற்றுவது இயற்கை உரிமைக்கும் நீதிக்கும் வெளிப்படையான கேடு என்பது அவர் கருத்து. பிழைப்பில்லாத ஊரிலிருந்து பிழைப்புள்ள ஊருக்கு நடப்பது ஏழையிடம் இருந்த ஒரே மருந்து. சட்டம் அந்த மருந்துக்கே தடை போட்டது.

எல்லாவற்றிலும் மனதை அலைக்கழிப்பது அடிமைகள் தொடர்பான ஒரு விதி. 1703-இல் மாசசூசெட்ஸ் சொன்னது: அடிமையை விடுதலை செய்கிற எஜமானர், குறைந்தது ஐம்பது பவுண்டுக்கு ஊர்க் கருவூலத்தில் ஜாமீன் கொடுக்க வேண்டும். விடுதலை பெற்றவர் பின்னாளில் ஊருக்குச் சுமையானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும். இதன் உள்நோக்கம் என்ன? இளமை முழுவதும் ஒரு மனிதரைக் கசக்கிப் பிழிந்துவிட்டு, முதுகு வளைந்த பிறகு 'போ, நீ சுதந்திரமானவன்' என்று தெருவில் விட்டுவிடும் எஜமானரைத் தடுப்பது. முதியவரைக் காக்கும் விதி என்று அதைப் படிக்கலாம். ஐம்பது பவுண்டு அன்று பெரும் தொகை. ஆகவே நல்ல மனதோடு விடுதலை தர நினைத்தவரும் தயங்கினார். முப்பது வயதில், உடம்பில் வலுவிருக்கும்போது வெளியேறியிருக்கக்கூடியவர் அடிமையாகவே நீடித்தார். கைவிடப்படாமல் காத்ததும் சங்கிலியை இறுக்கியதும் அதே விதிதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி எறிய அதில் இடமில்லை. ஊர்ப் பணம் என்கிற ஒரே அளவுகோலால் எழுதப்பட்டதால் வந்த வினை அது. அடிமைமுறை சரியா என்று அந்த விதி கேட்கவே இல்லை.

ஊருக்குள்ளே உரிமையுள்ள ஏழைக்கும் உதவி சும்மா வரவில்லை. பென்சில்வேனியா 1718-இல் ஒரு விதி செய்தது: நிவாரணம் வாங்குகிறவரும் அவர் மனைவி மக்களும் வலது தோளில், சட்டைக் கையின் மேல், எல்லார் கண்ணிலும் படும்படி, சிவப்பு அல்லது நீலத் துணியில் ஓர் எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும். ஏழை என்பதற்கான ஆங்கில முதலெழுத்து. கூடவே மாவட்டத்தின் அல்லது நகரத்தின் முதலெழுத்து. இங்கிலாந்து 1697-இலேயே செய்ததன் நகல் இது. அதே மாகாணத்தின் எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் 1766-இல் எழுதியபோது, ஏழைகளுக்கு வறுமையைச் சுகமாக்கிக் கொடுப்பது உதவியல்ல, அதிலிருந்து அவர்களை வெளியே ஓட்டுவதே உதவி என்றார். அந்த நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் தோளில் எழுத்தைத் தைத்தால் குருடருக்குக் கண் வருமா, கைக்குழந்தைக்காரிக்கு வேலை கிடைக்குமா? அவமானம் சோம்பேறியைத் திருத்துகிறதோ இல்லையோ, உண்மையில் தேவையுள்ளவரைக் கேட்க விடாமல் செய்யும். அதனால் மிச்சமாகும் பணத்தைச் சிக்கனம் என்று ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். அதே பிராங்க்ளின், மருத்துவர் தாமஸ் பாண்டோடு சேர்ந்து 1751-இல் பிலடெல்பியாவில் நோயாளி ஏழைகளுக்கு மருத்துவமனை தொடங்க முன்னின்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். மக்கள் இரண்டாயிரம் பவுண்டு திரட்டினால் மாகாணச் சட்டமன்றம் இரண்டாயிரம் கொடுக்கும் என்று பேரம் பேசி முடித்தார். படுத்த நோயாளியைப் பார்த்து யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. நோய்க்குக் கிடைத்த அந்தச் சலுகை பசிக்குக் கிடைக்கவில்லை.

இந்த எல்லைகள் எப்போதாவது நகர்ந்தனவா? நகர்ந்தன, மனம் மாறியதால் என்று சொல்ல முடியவில்லை, கருவூலம் மாறியதால். 1675-76-இல் பூர்வகுடிகளுடன் நடந்த போரில் ஊர்கள் எரிந்து மக்கள் பாஸ்டனுக்கு ஓடிவந்தபோது, எந்த ஊர் கணக்கிலும் சேர்க்க முடியாத அவர்களைக் குடியேற்றத்தின் பொதுக் கருவூலம் ஏற்றது. 1755-இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷார் நாடு கடத்திய பிரெஞ்சு மொழிக்காரர்களான அக்காடியர்கள் மாசசூசெட்ஸில் வந்து இறங்கினார்கள். எதிரி மொழி, கத்தோலிக்க மதம். பியூரிட்டன் என்னும் கடும் புராட்டஸ்டண்ட் மரபில் வந்த அன்றைய ஊருக்கு இதைவிட அந்நியர் கிடையாது. அவர்களையும் ஊர் ஊராகப் பிரித்துவைத்துச் சோறு போட்டார்கள், மாகாணம் பணம் கொடுத்ததால். ஊரை விட்டு நகரக் கூடாது என்று கட்டிவைத்ததும், அவர்கள் பிள்ளைகளைப் பிடுங்கிப் பிறர் வீட்டில் வேலைக்குச் சேர்த்ததும் அந்தச் சோற்றோடு சேர்ந்தே வந்தன. கணக்கேடு பெரிதானபோது உள்ளே எடுத்துக்கொள்ளும் வட்டமும் பெரிதானது. மரியாதை அதே வேகத்தில் பெரிதாகவில்லை.

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற பிறகு, 1794-இல், மாசசூசெட்ஸ் இந்த எச்சரிக்கை முறையையே கைவிட்டது. எல்லை போய்விடவில்லை, ஊர் விளிம்பிலிருந்து மாநில விளிம்புக்கு நகர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே மாநிலம் பஞ்சத்தில் வந்த ஐரிஷ் ஏழைகளைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. 1882-இல் அமெரிக்கக் கூட்டரசின் குடியேற்றச் சட்டம், பொதுச் சுமையாகாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாதவரை இறங்கவிடக் கூடாது என்றது. கப்பல் தலைவரிடம் மாசசூசெட்ஸ் 1701-இல் கேட்ட அதே கேள்வி, நாட்டின் வாசலுக்கு வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தக் கேள்வி ஒரு படிவமாகத் தெரியும். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மகன் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள விரும்பினால், ஐ-864 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பொதுவாக வறுமைக்கோட்டு வரம்பில் குறைந்தது 125 சதவீத வருமானம் தனக்கு உண்டு என்று காட்ட வேண்டும். வந்தபின் பெற்றோர் வருமானம் பார்த்துக் கொடுக்கப்படும் அரசு உதவிகளை வாங்கினால், அந்தத் தொகையை அரசு மகனிடம் கேட்டு வழக்குப் போடலாம். 17-ஆம் நூற்றாண்டு பாஸ்டனில் வெளியூர் உறவினரை வீட்டில் வைத்துக்கொண்டவர் நகரத்துக்கு ஜாமீன் எழுதிக் கொடுத்தார். இவர் படிவத்தில் எழுதிக் கொடுக்கிறார். பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது நாற்பது காலாண்டு உழைப்பு அவர்கள் பெயரில் சேரும்வரை அந்தக் கையெழுத்து செல்லும். அறுபத்தைந்து வயதில் போய் இறங்கும் அம்மாவுக்கு நாற்பது காலாண்டு என்பது பத்து ஆண்டு வேலை.